சொர்ணாம்பாள் கோர்ட்டில் என் கேஸு

மண்ணில் ஆள் செய்யத் தெரிந்தவர்கள் ஈரேழு பதினாலு லோகத்திலும் இரண்டே பேர். ஒருவர் பிரம்மா. இன்னொருவர் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் பொம்மைகளுக்குக் கண் எழுதிய எங்கள் ஆயா சொர்ணாம்பாள். இந்த இரண்டு பேரில் தொழில் தெரிந்தது ஆயாவுக்குத்தான். பிரம்மா ஆளைச் செய்ததோடு விட்டுவிட்டார், சூளையில் வைத்துச் சுடவில்லை. அதனால்தான் அவர் சரக்கெல்லாம் அறுபது எழுபதில் உதிர்ந்து போகிறது. ஆயா செய்த ஆட்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே சிமெண்டுப் பலகையில் விறைப்பாக நிற்கிறார்கள். சுகர் இல்லை, மூட்டுவலி இல்லை, ஒருத்தருக்கும் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு செல்வநாயகி அத்தை, "டேய், இது நெனவு மலரா, கட்சி பேனரா?" என்று கேட்டது. எங்கள் ஊர்ப் பாலக்கரை பக்கம் ஒரு பிளெக்ஸ் கடையில் நான் வேலை செய்கிறேன். காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் வாசகம் நான்தான். 'எங்கள் குலவிளக்கே' என்று தினமும் யார் யாருக்கோ எழுதுகிற கை, சொந்த ஆயாவுக்கு மட்டும் சுருக்கமாகவா எழுதும்? ஒரு எழுத்தும் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் இனியவன். ஆயாவின் மூத்த மகன் கொளஞ்சியின் பிள்ளை. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து வைத்திருக்கலாம். படிப்பு பத்தாவது, அதில் கணக்கு மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.

இந்த மாசியில் ஆயாவுக்கு வருடப் படையல். வருகிறவர்களுக்குக் கொடுக்க நாலு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டும், நீயே எழுது என்று அப்பா சொன்னார். எழுதுகிறேன், ஆனால் பலகையில் இருக்கிற என் பொம்மையை யாரும் தொடக் கூடாது என்றேன்.

"அன்னைக்குப் போட்டோ எடுப்பாங்கடா. எல்லாப் பொம்மையும் முன்னால பாக்க, உன்னுது மட்டும் செவுத்தப் பாத்துகிட்டு நிக்கறது நல்லாவா இருக்குது?"

"ஆயாதான திருப்பி வச்சுது. ஆயாதான் நேரா வைக்கணும்."

"ஆயா இப்ப எங்கடா வரும்?"

ஆகவே கதையை முதலிலிருந்து சொல்கிறேன். தீர்ப்பு சரியா தப்பா என்று படையலுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே யோசித்துப் பாருங்கள்.

ஆயா பிறந்தது கருவேப்பிலங்குறிச்சி. அஞ்சாம் வகுப்பு வரை படித்தது. அந்தக் காலத்திலேயே கையில் எது கிடைத்தாலும் அதில் ஒரு மூஞ்சியை வரைந்துவிடுமாம். பக்கத்து வீட்டுக் கமலம் என்கிற அம்மாள் ஒரு நாள் ஆயாவைத் திட்டியிருக்கிறது. ஆயா அந்த அம்மாளின் கொடியில் காய்த்திருந்த பிஞ்சுப் பூசணிக்காயில் முள்ளை வைத்து அந்த அம்மாள் முகத்தையே கீறிவிட்டது. காய் வளர வளர முகமும் வளர்ந்தது. கன்னம் உப்பியது, தாடை தொங்கியது. ஒரு மாதம் கழித்து அறுக்கப் போனால் ஊரே வேலியோரம் நின்று சிரித்தது. அன்றைக்கு வாங்கிய அடியைப் பற்றி ஆயா சொல்லாது. "மூஞ்சி அப்பிடியே வந்துருந்துச்சுடா" என்று மட்டும் சொல்லும்.

பதினெட்டு வயதில் விருத்தாசலம் ஜங்ஷனில் மூட்டை தூக்கிய பச்சமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது. தாத்தா நல்ல மனுஷன்தான், கோபம் மட்டும் பாசஞ்சர் ரயில் மாதிரி என்று ஆயா சொல்லும். எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். அந்தத் தாத்தா மூன்று பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். கடைசிப் பிள்ளை அன்பரசன் சித்தப்பாவுக்கு அப்போது நாலு வயசு.

காரியம் முடிந்த மறுவாரமே ஆயா தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தது. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தைச் சுரண்டி வழவழப்பாக்குகிற வேலை. மூன்றாம் மாதம் கண் எழுதுகிற ஆள் காமாலையில் படுத்துவிட, பிரஷ் ஆயா கைக்கு வந்தது. முதல் நாள் இருபது மகாலட்சுமி. இருபதும் முறைத்தது.

முதலாளி வந்து பார்த்து, "என்னாம்மா, லட்சுமி மொறைக்கிறா?" என்றாராம்.

"காலையிலேர்ந்து டீ குடிக்கலைங்க. நானும் குடிக்கல, அவளும் குடிக்கல."

அன்றையிலிருந்து அந்தக் கம்பெனியில் பத்து மணி டீ முதலில் கண் எழுதுகிறவர்களுக்குத்தான். டீ வந்ததும் மகாலட்சுமியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சித்தப்பா மட்டும் அழுதுகொண்டே இருந்தார். வேலைக்குப் போகாதே என்று தினமும் புடவையைப் பிடித்துக்கொள்வாராம். ஆயா ஒரு பச்சைப் பொம்மையை வாங்கி, ஈர விரலால் மூக்கையும் நெற்றியையும் திருத்தி, அசல் சித்தப்பாவாக ஆக்கிச் சூளையில் சுட்டு, சாயம் பூசி எடுத்து வந்தது. "இத பாரு, நீதான். உன்ன என் கூடவே வேலைக்குக் கூட்டிகிட்டுப் போறேன். இன்னும் எதுக்கு அழுவுற?" பிள்ளை நம்பிவிட்டது. தினமும் அந்தப் பொம்மை ஆயாவின் டிபன் பைக்குள் போய், சாயங்காலம் திரும்பி வந்தது. அதுதான் பலகையில் முதல் பொம்மை.

அதற்குப் பிறகு வீட்டில் யார் பிறந்தாலும், யார் மாப்பிள்ளையாகவோ மருமகளாகவோ வந்தாலும் ஒரு பொம்மை. ஒரு சாண் உயரம். அடியில் பிரஷ்ஷால் பெயர். அப்பா பொம்மைக்கு வாய் கொஞ்சம் திறந்திருக்கும், எப்போதும் எதையோ கேட்கப் போகிற மாதிரி. அத்தையின் புருஷன் நந்தகுமார் மாமாவின் பொம்மைக்குக் காது மட்டும் மிளகு அளவு. "சூளையில மண்ணு சுருங்கிடுச்சு" என்று ஆயா சொல்லும். மண் சுருங்கும், சரி. காதில் மட்டுமா சுருங்கும்? நான் பிறந்து பதினோராம் நாள் ஆயா செய்த என் பொம்மை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மூடி ஒளித்து வைத்திருக்கிறது. பதினோரு நாள் பிள்ளையின் மேல் இவ்வளவு சந்தேகமா என்று அம்மாவுக்கே வருத்தமாம். "கையில என்னா வச்சிருக்கான்னு அவனே வளந்து சொல்லுவான்" என்றதாம் ஆயா.

கோர்ட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் யாராவது அநியாயம் செய்தால் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். இன்னார் எனக்கு இன்னது செய்தார், நீதான் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதிச் சாமியிடம் கட்டிவிட்டு வந்தால், சாமி விசாரிக்கும். ஆயாவுக்கு அந்தச் சாமியின் மேல் இரக்கம். "ஊர்ப்பட்ட கேஸ அந்த மனுஷன் தலையில கட்டுறாங்க. நம்ம வூட்டு கேஸ நாமளே பாத்துக்கலாம்." அதுவுமல்லாமல் மாமியார் மாப்பிள்ளையை வாய் திறந்து திட்ட முடியாது. ஆகவே யார் மேல் கோபமோ அவர் பொம்மையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடும். பேச்சு கிடையாது, விளக்கம் கிடையாது. வீட்டுக்கு வருகிற யாரும் செருப்பைக் கழற்றும்போதே பலகையைப் பார்ப்பார்கள். முகம் தெரிந்தால் உள்ளே வருவார்கள். முதுகு தெரிந்தால் என்ன தப்பு செய்தோம் என்று வாசலிலேயே நின்று யோசிப்பார்கள். கண்டுபிடித்துச் சொன்னால் பொம்மை திரும்பும்.

பதினொரு வயதில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பொம்மையை ஆயாதான் திருப்ப வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை.

முதல் பலி நந்தகுமார் மாமா. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் தன் முதுகைப் பார்த்துவிட்டு டீயைக்கூடத் தொடாமல் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரத்தில் உயிரோடு துள்ளுகிற நாலு விரால் மீனோடு வந்தார். நான் அதற்குள் பொம்மையை நேராக்கிவிட்டேன். மாமாவுக்கு நிம்மதி, எனக்கு மீன் வறுவல். ஆயாதான் குழம்பிப்போய் அத்தையிடம் கேட்டது: "ஏன்டி, மாப்ளைக்கு என்னா ஆச்சி? நாலு வாரமா வூட்டுக்குள்ள மீனா கொண்டாந்து கொட்றாரு?"

நாலு வாரம் என்றால் நாலு தடவை. வேறு விளக்கம் தேவையில்லை.

அப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. என் பதினாலாவது வயதில் குவைத்திலிருந்து சித்தப்பா வருகிறார் என்று சொன்னார்கள். எனக்கு ஒரு ப்ளூடூத் ஹெட்செட் தேவைப்பட்டது. ஒரு மதியம் ஸ்டூலில் ஏறி அவர் பொம்மையைத் திருப்பினேன். கை வியர்த்திருந்தது. பொம்மை வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஏழு துண்டு. தலை மட்டும் உருண்டு போய் கிரைண்டருக்கு அடியில் நின்று என்னையே பார்த்தது.

ஆயா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. அப்போது கண்ணில் புரை விழுந்து, வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆளைக் குரலில்தான் தெரியும்.

"என்னாடா சத்தம்?"

"டம்ளர் ஆயா."

ஆயா கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்தது.

"டம்ளரா? சரி."

எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் எப்படி இருக்கும், பீங்கான் விழுந்தால் எப்படி இருக்கும் என்று முப்பத்தொரு வருடம் பொம்மையைத் தட்டிப் பார்த்தே விரிசல் கண்டுபிடித்த காதுக்குத் தெரியாதா? இன்றைக்கு எழுதும்போது எனக்கு உறைக்கிறது. அன்றைக்கு, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

துண்டுகளைப் பழைய ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டு தொழிற்பேட்டைக்கு ஓடினேன். சூளை பார்க்கிற விருத்தகிரி மாமா, ஆயாவோடு வேலை பார்த்தவர், பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இதயாடா ஒடச்ச? இதத் தொடாம உங்க ஆயா ஒரு நாளு போன் பேசுனது உண்டா?"

அது எனக்கும் தெரியும். குவைத்திலிருந்து போன் வந்தால் ஆயா முதலில் ஸ்டூலைத் தடவி, பலகையைத் தடவி, அந்தப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஹலோ சொல்லும். மற்றதெல்லாம் குறும்பு. இது குறும்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால்தான் ஆயாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மாமா ஒரு பச்சைப் பொம்மை கொடுத்தார். மூன்று நாள் மூக்கைச் செய்தேன். முதல் நாள் கொழுக்கட்டை மாதிரி வந்தது, மூன்றாம் நாள் நல்ல கொழுக்கட்டை மாதிரி வந்தது. சுட்டுக் கொடுத்தார். சாயம் நானே அடித்து, அடியில் ஆயா கையெழுத்து மாதிரியே கோணலாக 'அன்பு' என்று எழுதி, பலகையில் வைத்துவிட்டேன். அடுத்த போன் வந்தபோது ஆயா அதை மடியில் வைத்து மூக்கை ரொம்ப நேரம் தடவியது.

"அன்பு, எளச்சிட்டியாடா?"

"இல்லம்மா, எட்டு கிலோ ஏறிட்டேன்."

"மூக்கு எளச்ச மாதிரி இருக்குது."

சித்தப்பா நேரில் வந்து பொம்மையைப் பார்த்துவிட்டு, "அப்பிடியே நான்தான்" என்றார். அதிலிருந்து சித்தப்பாவின் கண் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஹெட்செட்டும் கொண்டு வந்திருந்தார். நான் காதில் வைக்கவே இல்லை.

மறு வருடம் நான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்த சமயம், இலவசக் கண் முகாமில் ஆயாவுக்கு ஆபரேஷன் என்று முடிவானது. வீடே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்தேன். "ஆயா மேல எவ்ளோ பாசம் பாரு, பயந்து போயிருக்கான்" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னது. பயந்தது உண்மை.

கண் கட்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியோடு ஆயா வீட்டுக்கு வந்தது. முதலில் அத்தையைப் பார்த்தது. "ஏன்டி இப்பிடிக் கறுத்துட்ட?" பிறகு மாமாவைப் பார்த்துவிட்டு அத்தையின் காதோரம், "மாப்ளைக்கு முடியெல்லாம் எங்கடி போச்சி? நான் பாக்காத நேரமா பாத்துக் கொட்டிடுச்சா?" பிறகு பலகையைப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தது.

"பலகையெல்லாம் தூசி. இனிமே வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இனியவன் தொடைக்கட்டும். ஒவ்வொண்ணா எடுத்து அடியிலயும் தொடைக்கணும். மேலாப்புல ஊதிட்டு வரக் கூடாது."

அவ்வளவுதான். நான் கொளஞ்சியப்பருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் என் பொம்மை சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் மூடிய கை மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்தது.

எதற்காக என்று தெரியவில்லை. அதுதான் என் கஷ்டம். ஒரு தப்பு செய்தவனுக்கு உடனே தெரிந்துவிடும். என் மாதிரி ஆளுக்குப் பெரிய பட்டியலில் தேட வேண்டும். ஆயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஆயா, மாமாவ மீன் வாங்க வச்சது நான்தான்."

"அப்பிடியா? அது இல்ல. ஆனா அதையும் சேத்துக்கறேன்."

மறுநாள், "ஆயா, உன் சுண்ணாம்பு டப்பால டூத் பேஸ்ட் வச்சது நான்தான்."

"அதான் அன்னைக்கு வெத்தல குளுகுளுன்னு இருந்துச்சா? நல்லாத்தான் இருந்துச்சு. அது இல்ல."

"ரேஷன் கார்டு போட்டோல உனக்கு மீச வரஞ்சது..."

"அது நீயா? கடைக்காரன் என்ன 'சார்'னு கூப்புட்டானேடா பாவி! அதுவும் இல்ல."

இப்படி மாதக்கணக்கில் நடந்தது. தெரியாத குற்றமெல்லாம் வெளியே வந்தது, தெரிந்த ஒன்று மட்டும் வரவில்லை. நடுவில் பத்தாவது ரிசல்ட்டும் வந்தது. கணக்கில் முப்பத்தொன்று. அப்பா வாயைத் திறந்தபடி பொம்மை மாதிரியே நின்றார். ஆயாதான், "நாலு மார்க்குதான கொறையுது? அத நான் போட்டா செல்லாதா?" என்று கேட்டது. செல்லாது என்று அப்பா சொன்னார். "அப்ப என்னா கவர்மெண்ட்டு" என்றது ஆயா.

வெள்ளிக்கிழமை தோறும் கேட்கும். "தொடச்சியாடா?"

"தொடச்சேன் ஆயா."

"எல்லாத்தையும் எடுத்தா?"

"எடுத்து."

நான் எடுக்கவே இல்லை. மற்றதை முன்பக்கம் ஒரு தட்டு தட்டுவேன், சித்தப்பா பொம்மையின் பக்கம் போகவே மாட்டேன். தூரத்திலிருந்து ஊதுவதோடு சரி. இன்னொரு முறை அது என் கையிலிருந்து விழுந்தால் நான் ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

போன மாசி மகத் திருவிழாவில் தேர் பார்த்துவிட்டு வந்த ஆயா, கால் வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றது. "தேர்ல சாமி கண்ணு நல்லா எழுதியிருந்தாங்க" என்றது. அப்புறம் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் யாரோ என் பொம்மையை நேராக வைக்கக் கை நீட்டினார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன் என்று அவர்களுக்கு இன்றைக்கும் என் மேல் வருத்தம் இருக்கிறது. மன்னிக்கவும். கேஸ் முடியவில்லை.

இப்போது சொல்கிறேன். அச்சில், சொந்தபந்தம் எல்லாரும் படிக்க. சித்தப்பா பொம்மையை உடைத்தது நான். பலகையில் நிற்பது டூப்ளிகேட். கொழுக்கட்டை மூக்கு என்னுடையது.

இதுவரை எழுதி அத்தையிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திட்டும் என்று நினைத்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவாடா? எங்க, நீ எழுதுன 'அன்பு'வக் காட்டு பாப்போம்" என்றது.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக இரண்டு கையாலும் அதை எடுத்தேன். கிட்டத்தில் பார்த்தால் கண் இரண்டும் நான் எழுதிய கண் இல்லை. அதில் ஒரு உயிர் இருந்தது. திருப்பினேன். ஒரு வருடத் தூசியைக் கட்டை விரலால் துடைத்தேன். என் 'அன்பு' குறுக்கே அடித்திருந்தது. அதன் கீழே, கண் எழுதுகிற மெல்லிய பிரஷ்ஷில், அசல் கோணல் கையெழுத்து. கண் கட்டு அவிழ்த்த மறுநாள் தேதி, என் பொம்மை சுவரைப் பார்த்த அதே நாள்.

"டம்ளர். மூக்கு தப்பு. வாய் பரவால்ல. முப்பத்தஞ்சு மார்க், பாஸ். நீயே நேரா திரும்பிக்க.

இதப் படிக்கறன்னா இன்னைக்குத்தான் அடியில தொடச்சிருக்கற."